உடைந்த திரையும் பூட்டிய கணக்கும்: ஒரு வங்கி அங்கீகார நிகழ்வின் ஆய்வு

ஒரு வியாழக்கிழமை மாலை படிக்கட்டில் இறங்கும்போது என் கைபேசி நழுவி விழுந்தது. கண்ணாடி நொறுங்கவில்லை, ஓரத்தில் ஒரு கீறல் மட்டுமே விழுந்திருந்தது. ஆனால் திரை முழுதும் கறுத்துப்போய், தொடுவுணர்வும் அற்றுவிட்டது. கருவி சாகவில்லை என்பதுதான் விசித்திரம். அழைப்பு வந்தால் ஒலித்தது, செய்தி வந்தால் அதிர்ந்தது. இரண்டு நாளில் கட்ட வேண்டிய தவணை ஒன்று இருந்ததால், மடிக்கணினியில் வங்கியின் தளத்தைத் திறந்து வாடிக்கையாளர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். இரண்டையும் ஏற்றுக்கொண்ட தளம், கைபேசிச் செயலிக்கு ஒரு கோரிக்கை அனுப்பியிருப்பதாகவும் அதை அனுமதிக்குமாறும் கூறியது. மேசைமேல் கிடந்த கைபேசி அதிர்ந்தது. கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. பதில் சொல்லத்தான் வழியில்லை. அன்றிரவு ஏழு முறை முயன்றேன். ஏழு முறையும் அது அதிர்ந்தது.

அந்தக் கணக்குக்குள் நான் மீண்டும் முழு உரிமையோடு நுழைந்தது 11ஆவது நாள். இடையில் பணம் எதுவும் தொலையவில்லை, எவரும் என்னை ஏமாற்றவில்லை, வங்கியின் எந்தக் கணினியும் பழுதாகவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் வகுத்தபடியே இயங்கின. அப்படியிருந்தும் கணக்கின் உரிமையாளர் வெளியே நிற்க நேர்ந்தது எவ்வாறு என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பு இன்று பல வங்கிகளில் இருக்கிறது.

பதினொரு நாள்கள்

முதல் இரவு, வங்கித் தளத்தின் அடியில் ‘கைபேசி கைவசம் இல்லையா?’ என்று ஓர் இணைப்பு இருப்பதைக் கண்டு நிம்மதியடைந்தேன். அதைச் சொடுக்கியதும் வந்த பக்கம், செயலியைத் திறந்து, அமைப்புகளுக்குள் சென்று, ‘புதிய கருவியைச் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கும்படி அறிவுறுத்தியது. இழுப்பறையில் கிடந்த பழைய கைபேசியை மின்னேற்றிப் பார்த்தேன். அது நன்றாகவே இயங்கியது. ஆனால் வங்கிச் செயலி அதன் இயங்குதளப் பதிப்புக்குப் பொருந்தாது என்று செயலிக் கடை மறுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். திரையை மாற்றினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்த மாதிரிக்கான திரை வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். நல்ல எண்ணத்தோடு கருவியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கியும் பார்த்தார். அதுவரை கைரேகையாவது வேலை செய்துகொண்டிருந்தது; அணைத்து இயக்கிய பிறகு முதல்முறை ‘பின்’ (PIN) எண்ணை இட்டால்தான் கைரேகை ஏற்கப்படும், பின் எண்ணை இடத் திரை வேண்டும். யுஎஸ்பி வழியே ஒரு சுட்டியை இணைத்துப் பார்த்தோம். அது உள்ளே நகர்ந்திருக்கலாம்; எங்கே நகர்கிறது என்று காட்டத்தான் வெளிச்சம் இல்லை.

அடுத்தது தொலைபேசி நிறுவனம். என் எண் இசிம் வடிவில் அந்தக் கைபேசிக்குள்ளேயே பதிந்திருந்ததால், கழற்றி வேறொன்றில் போட அட்டை எதுவும் கிடையாது. இணையம் வழியே புதிய இசிம் பெறலாம், ஆனால் அதற்கான ஓடிபி அதே எண்ணுக்குத்தான் வரும். எனவே அடையாள ஆவணத்துடன் நேரில் சென்று, அட்டை வடிவ சிம் ஒன்றை வாங்கி, அன்று மதியம் வாங்கிய புதிய கைபேசியில் இட்டேன். அவசரத்தில் வாங்கியதால் அது விலை குறைந்த மாதிரியாக இருந்தது. அதன் வினை பிறகு தெரிந்தது.

வங்கியின் உதவி மையத்தில் பொறுமையாகப் பேசிய அலுவலர், “சார், ஆப்பைத் திறந்து அதுல இருக்கிற அழைப்புப் பொத்தானை அழுத்தினீங்கன்னா, உங்களை உடனே அடையாளம் கண்டுடுவோம்” என்றார். அந்த ஆப் திறக்காததால்தான் அழைக்கிறேன் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. பிறகு கிளைக்குப் போகச் சொன்னார்.

கிளையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. முகப்பில் இருந்த அலுவலர் என் வங்கி அட்டையைக் கருவியில் செருகச் சொன்னார். பின் எண்ணை இட்டேன். அடையாள ஆவணத்தை வாங்கி, முகத்தையும் கையொப்பத்தையும் ஒப்பிட்டார். பிறகு தாளில் எழுதிக் கொடுத்த ஆணையின்படி தவணைத் தொகையை உரிய கணக்குக்கு அனுப்பினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே மூச்சில், புதிய கைபேசியை என் பெயரில் பதிவுசெய்து தர முடியுமா என்று கேட்டேன். “அந்த வசதி எங்க திரையில வராது சார். அதை ஆப்லதான் செய்யணும்” என்றார். என் பணத்தை இன்னொருவருக்கு அனுப்பும் அளவுக்கு நான் நான்தான் என்று நம்பிய அதே முகப்பு, என் கைபேசி என்னுடையதுதான் என்று எழுதிக்கொள்ளும் அளவுக்கு நம்பவில்லை.

சனிக்கிழமை புதிய கைபேசியில் செயலியை நிறுவினேன். கடவுச்சொல்லை ஏற்ற செயலி, சிம் மாற்றம் கண்டறியப்பட்டிருப்பதால் பாதுகாப்பு கருதி 48 மணி நேரத்துக்கு அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்ப இயலாது என்றது. திங்கள்கிழமை ஓடிபி வந்தது. அடுத்த படியாக, அடையாள ஆவணத்தில் இருக்கும் சிப்பைப் படிக்க அதைக் கைபேசியின் முதுகில் வைக்கச் சொன்னது. அவ்வாறு தொட்டுப் படிக்கத் தேவையான என்எஃப்சி வசதி புதிய கைபேசியில் இல்லை. எஞ்சிய ஒரே வழி, பதிவு முகவரிக்கு அஞ்சலில் வரும் செயலாக்கக் கடிதம். அது 10ஆவது நாளான சனிக்கிழமை வந்தது. அதிலிருந்த குறியீட்டை இட்டதும் செயலி திறந்தது. ஆனால் புதிய கருவி என்பதால் 24 மணி நேரத்துக்குப் பணம் அனுப்பும் உரிமை இல்லை என்ற அறிவிப்போடு.

கைபேசிக்குள் எது இருந்தது

இந்த அனுபவத்தை நண்பர்களிடம் சொன்னபோது பெரும்பாலோர் கேட்ட முதல் கேள்வி, காப்புநகல் எடுத்து வைக்கவில்லையா என்பதுதான். எடுத்து வைத்திருந்தேன். படங்கள், தொடர்புகள், செய்திகள் எல்லாம் புதிய கைபேசியில் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. வங்கிச் செயலியும் வந்தது, வெறும் கூடாக.

இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று, வடிவமைப்பு. வங்கிச் செயலியைப் பதிவுசெய்யும்போது, கைபேசியின் பாதுகாக்கப்பட்ட வன்பொருள் பகுதிக்குள் ஒரு சாவியிணை உருவாகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி வங்கிக்குச் செல்கிறது; கையொப்பமிடும் தனிச்சாவி அந்தச் சில்லை விட்டு ஒருபோதும் வெளியேறாது. ஆப்பிள் 2013இல் ஐபோன் 5எஸ் கருவியில் இத்தகைய தனிப் பாதுகாப்புப் பகுதியைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 2018இல் வெளியான 9ஆம் பதிப்பில் தனிச் சில்லுக்கான ஆதரவைச் சேர்த்தது. வங்கி கோரிக்கை அனுப்பும்போது, கைரேகையோ பின் எண்ணோ தந்து நாம் அந்தச் சாவியைத் திறக்கிறோம். சாவி கோரிக்கையில் கையொப்பமிடுகிறது. நம் கைரேகை வங்கிக்குப் போவதே இல்லை. வங்கி அறிவது, முன்பு பதிந்த அந்தச் சில்லு இப்போது கையொப்பமிட்டது என்பதை மட்டுமே. சாவியை நகலெடுக்க முடியாது என்பதே அதன் வலிமை. ஆகவே காப்புநகலில் அது வராது என்பதும் அந்த வலிமையின் மறுபக்கம்.

அங்கீகாரத்துக்கான சான்றுகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்: அறிந்தது, அதாவது கடவுச்சொல் போன்றது, கையில் உள்ளது, அதாவது அட்டை, கைபேசி, குறியீடு காட்டும் சிறு டோக்கன் கருவி போன்றது, உடலோடு பிறந்தது, அதாவது கைரேகை, முகம் போன்றது. இவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும் என்றும், ஒன்று வெளிப்பட்டுவிட்டாலும் மற்றொன்று கெடாதபடி அவை ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/389 எண்ணுள்ள விதிமுறை சொல்கிறது. கைபேசி போன்ற பல்பயன் கருவியில் இரண்டும் சேரும்போது, உள்ளே தனித்தனியான பாதுகாப்புச் சூழல்கள் போன்ற தடுப்புகள் இருந்தால் போதும் என்றும் அதே விதிமுறை இடம் தருகிறது. திருடனுக்கு எதிராகப் பார்த்தால் இந்த வாதம் சரியானதே. தரைக்கு எதிராகப் பார்த்தால் அப்படியன்று. படிக்கட்டில் விழுந்தது ஒரு பொருள்தான். அதனோடு கையில் உள்ள சான்றும் கைரேகையும் சிம்மும் ஒரே நொடியில் போயின. வங்கித் தளம் கேட்கும் சான்றுகளில் கெடாமல் மிஞ்சியது என் நினைவில் இருந்த கடவுச்சொல் ஒன்றுதான், அதை மட்டும் வைத்து எந்தக் கதவும் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

செயலிக்கு வந்து சேர்ந்த வழி

வங்கிகள் கைபேசிக்குத் தாவியதை வெறும் செலவுக் குறைப்பு என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. செலவும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்பிருந்த ஒவ்வொரு முறையும் உண்மையான தாக்குதல்களில் தோற்றே விலகியது என்பதை மறந்து பேசுவது நியாயமாகாது.

ஜெர்மனி போன்ற நாடுகளில் நெடுங்காலம் அச்சிட்ட தாள் பட்டியல் புழங்கியது. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் அதிலிருந்து ஓர் எண்ணை இட வேண்டும். எந்த எண்ணுக்கும் எந்தத் தொகைக்கும் தொடர்பில்லை என்பதால், போலித் தளத்தில் அந்த எண்ணை வாங்கிவிடும் மோசடிக்காரர் அதை வேறு பரிமாற்றத்துக்குப் பயன்படுத்த முடிந்தது. குறிப்பிட்ட தொகைக்கும் குறிப்பிட்ட பெறுநருக்கும் மட்டுமே செல்லும்படி சான்று பிணைக்கப்பட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2019 செப்டம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது தாள் பட்டியலின் காலம் முடிந்தது.

குறுஞ்செய்தியில் தொகையையும் பெறுநரையும் காட்ட முடியும் என்பதால் ஓடிபி அந்த வகையில் மேலானது. ஆனால் குறுஞ்செய்தி பயணிக்கும் பாதை, 1970களில் தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பிய காலத்தில் வகுக்கப்பட்ட எஸ்எஸ்7 என்ற நெறிமுறையின்மேல் நிற்கிறது. அதன் ஓட்டைகளை 2014 டிசம்பரில் கார்ஸ்டன் நோல், டோபியாஸ் எங்கல் ஆகிய ஆய்வாளர்கள் ஜெர்மனியில் நடந்த ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் காட்டினார்கள். 2017இல் ஜெர்மனியிலேயே, இந்த வழியில் ஓடிபி செய்திகள் திருப்பப்பட்டு வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டதை ஒரு தொலைபேசி நிறுவனம் ஒப்புக்கொண்டது. இவ்வளவு நுட்பம்கூடத் தேவையில்லை. தொலைபேசி நிறுவன ஊழியரை ஏமாற்றி இன்னொருவரின் எண்ணுக்குப் புதிய சிம் வாங்கிவிட்டால் போதும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே, அவருடைய எண் இவ்வாறு கைமாறியதால் சில நிமிடங்கள் பிறர் வசமானது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இல் குறுஞ்செய்தி வழி அங்கீகாரத்தைக் ‘கட்டுப்படுத்தப்பட்ட’ வகையில் சேர்த்தது. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தனர். கைபேசியில் டிஜிட்டல் டோக்கன், அதாவது செயலி வழியே அனுமதி தரும் ஏற்பாடு, வைத்திருப்பவர்களுக்கு உள்நுழைவு ஓடிபியைப் படிப்படியாக நிறுத்துவதாக 2024 ஜூலையில் அந்நாட்டு நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன.

சாவிக்கொத்தில் தொங்கும் சிறு டோக்கன் கருவிகள் இடையில் வந்துபோயின. 2011இல் தரப்படுத்தப்பட்ட முறைப்படி, இரகசிய எண்ணையும் கடிகாரத்தையும் கொண்டு 30 நொடிக்கு ஒருமுறை புதிய குறியீட்டைக் காட்டும் கருவி அது. அதே 2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ நிறுவனம் ஊடுருவப்பட்டு, அதன் டோக்கன்களை மாற்றித் தர வேண்டிய நிலை வந்தது. அதைவிடப் பெரிய குறை, எதற்காகக் குறியீடு கேட்கப்படுகிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது என்பதுதான். என் வங்கியும் அத்தகைய கருவியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியது. சாவிக்கொத்தில் ஒரு சுமை குறைந்ததென்று அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆக, தொகையையும் பெறுநரையும் திரையில் காட்டி, நகலெடுக்க முடியாத சாவியால் கையொப்பம் வாங்கும் செயலி, முந்தைய முறைகளைவிட வலிமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் வலிமையை அளந்தவர்கள், அது எவற்றின் தோளில் நிற்கிறது என்பதை அளக்கவில்லை.

தோள்கள்

முதலாவது, இயங்குதளப் பதிப்பு. இழுப்பறையில் கிடந்த என் பழைய கைபேசி பேசியது, படம் எடுத்தது, இணையத்தில் உலாவியது. வங்கிக்கு மட்டும் அது கைபேசியாக இல்லை. புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும் என்பதால் வங்கி தயங்குவதில் பொருளுண்டு. ஆனால் ஒரு கருவிக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பதைத் தீர்மானிப்பவர் வாடிக்கையாளரும் அல்லர், வங்கியும் அல்ல, தயாரித்தவர். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு தரப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. இதைப் பெரும்பாலோர் மின்கழிவு பற்றிய விதியாகப் படிக்கிறார்கள். எனக்கு அது வங்கிச் சாவியின் ஆயுளைப் பற்றிய விதியாகவும் தெரிகிறது.

இரண்டாவது, கருவியின் நேர்மைக்கு மூன்றாமவர் தரும் சான்று. ஆண்ட்ராய்டில் பல வங்கிச் செயலிகள், இந்தக் கருவி மாற்றப்படாததுதானா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. அதன் மிக உயர்ந்த தரச் சான்று, ஆண்ட்ராய்டு 13 முதலான பதிப்புகளில் கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்புப் புதுப்பிப்பு பெற்ற கருவிக்கே கிடைக்கும். எல்லா வங்கிகளும் அந்த மேல்தரத்தைக் கேட்பதில்லை. ஆயினும், தன் கைபேசியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டவர், அது எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும், வங்கி வாசலில் நிறுத்தப்படக்கூடும். தன் வாடிக்கையாளர் எந்தக் கருவியோடு உள்ளே வரலாம் என்ற முடிவை வங்கிகள் கூகுள், ஆப்பிள் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டன என்பது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். இதைவிட மென்மையாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, தொலைத்தொடர்பு வலையமைப்பு. கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முழுதாக நின்றபோது, நாடு முழுவதும் இன்டராக் என்ற வங்கி அட்டை வலையமைப்பின் பரிமாற்றங்களும் உடன் நின்றன. ஒரே பாதையை நம்பும் இரண்டாவது சான்று, அந்தப் பாதை நின்றால் முதல் சான்றையும் பயனற்றதாக்கிவிடுகிறது.

மீட்பு வழி என்ற பின்வாசல்

என் 11 நாள்களைப் பிரித்துப் பார்த்தால், காத்திருப்புகளில் ஒன்றும் காரணமற்றதன்று. சிம் மாறியதும் 48 மணி நேரம் ஓடிபியை நிறுத்தியது, மேலே சொன்ன சிம் மோசடிக்கு எதிரான தடுப்பு. புதிய கருவிக்கு 24 மணி நேர இடைவெளி வைத்தது, ஏமாற்றப்பட்டவர் விழித்துக்கொள்ளத் தரும் அவகாசம். சிங்கப்பூர் 2022 ஜனவரியில் புதிய டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேர இடைவெளியைக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான். மோசடிக்காரர்கள் முன்வாசலை உடைப்பதைவிட ‘என் கைபேசி தொலைந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு பின்வாசலில் வருவதையே விரும்புவார்கள் என்பதும் உண்மை. அங்கீகார அமைப்பின் உண்மையான வலிமை அதன் மீட்பு வழியின் வலிமைதான்.

இவை நியாயமான தடுப்புகள் என்றாலும், மீட்பு வழிகளை வகுத்தவர்கள் எதை மனத்தில் கொண்டிருந்தார்கள் என்பதில்தான் கோளாறு. எனக்குக் காட்டப்பட்ட வழிகள் ஐந்து: பழைய செயலியில் புதிய கருவியைச் சேர்ப்பது, செயலி வழியே உதவி மையத்தை அழைப்பது, குறுஞ்செய்தி, கைபேசியால் அடையாளச் சிப்பைப் படிப்பது, அஞ்சல் கடிதம். முதல் இரண்டும் விழுந்த கைபேசி நலமாக இருந்தால் மட்டுமே பயன்படும். மூன்றாவது அதிலிருந்த எண்ணைச் சார்ந்தது. நான்காவதற்குத் தகுந்த புதிய கைபேசி வேண்டும். கைபேசியைச் சாராத ஒரே வழி அஞ்சல். அதுவே ஆக மெதுவானது. வழிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மாற்று ஏற்பாடு நிறைய இருக்கிறதென்று வங்கியின் ஆவணங்கள் சொல்லக்கூடும். அஞ்சலைத் தவிர மற்ற நான்கும் ஒரே மரக்கிளையில் தொங்கும் ஊஞ்சல்கள்.

மாறாக, என் பணப்பையில் கெடாமல் இருந்தது வங்கி அட்டை. அதன் சில்லுக்குள்ளும் நகலெடுக்க முடியாத சாவி இருக்கிறது. பின் எண்ணோடு சேர்த்தால் அறிந்ததும் கையில் உள்ளதுமாக இரண்டு சான்றுகள். வங்கிக் கிளை அதை நம்பித்தான் பணத்தை அனுப்பியது. சிறு கணிப்பான் போன்ற வாசிப்புக் கருவியில் அட்டையைச் செருகி, கருவியின் திரையில் தொகையையும் பெறுநரையும் பார்த்துக் குறியீடு பெறும் முறை, சிப்டான் என்ற பெயரில் ஜெர்மன் வங்கிகளில் நெடுநாளாக இருக்கிறது. இணையத்தோடு இணையாத, வேறெந்த வேலையும் செய்யாத கருவி அது. தொலைந்தாலும் கவலையில்லை, ஏனெனில் சாவி அட்டையில் இருக்கிறது, வேறொரு வாசிப்புக் கருவியும் அதே வேலையைச் செய்யும். இதற்கும் குறைகள் உண்டு. பிரிட்டனில் வழங்கிய இத்தகைய கருவிகளை 2009இல் ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர், ஒரே அட்டையையும் பின் எண்ணையும் கடைக்கும் வங்கிக்குமாகப் பயன்படுத்துவதன் ஆபத்துகளைச் சுட்டிக்காட்டினர். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது கைபேசியைவிடச் சிரமமானது என்பதையும் மறுக்கவில்லை. அன்றாடத்துக்கு வேண்டாம், கைபேசி விழுந்த நாளுக்கு வேண்டும்.

இந்த நிகழ்வில் என்னை உறுத்திய ஒப்பீடு ஒன்றையும் சொல்ல வேண்டும். புதிய கைபேசியில் மின்னஞ்சல் கணக்கைத் திறக்க முயன்றபோது, அதுவும் விழுந்த கைபேசியின் அனுமதியைக் கேட்டது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அச்சிட்டுக் கோப்பில் வைத்திருந்த பத்து மீட்புக் குறியீடுகளில் ஒன்றை இட்டதும் ஒரு நிமிடத்தில் திறந்தது. கட்டணமே வாங்காத மின்னஞ்சல் சேவை எனக்கு ஒரு தாளைத் தந்திருந்தது. என் சேமிப்பை வைத்திருக்கும் வங்கி தரவில்லை. தாள் பட்டியலைச் சட்டமே நீக்கிவிட்டதே என்று இதற்குப் பதில் சொல்வார்கள். பணப் பரிமாற்றத்தை அனுமதிக்கும் குறியீடு வேறு, புதிய கருவியைப் பதிவுசெய்யும் குறியீடு வேறு. முன்னதற்குத் தொகையோடு பிணைப்பு தேவை. பின்னதில் பிணைக்கத் தொகையே இல்லை. எனக்கு ஒன்பது நாள் கழித்து அஞ்சலில் வந்ததும் இத்தகைய தாள் குறியீடுதானே. அதைக் கணக்கு தொடங்கிய நாளிலேயே மூடிய உறையில் தந்திருக்கலாம்.

பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு யுஎஸ்பி கருவிகளை உலாவிகள் நேரடியாகப் புரிந்துகொள்ளும் தரநிலை 2019 மார்ச்சிலேயே இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பால் இறுதி செய்யப்பட்டது. அவற்றை இரண்டாகப் பதிந்து ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது அறிந்தவர்களிடம் வழக்கம். 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து முன்வைத்த பாஸ்கீ என்ற கடவுச்சொல் இல்லாத முறை, சாவியை அந்நிறுவனங்களின் கணக்கு வழியே கருவிகளுக்கிடையே ஒத்திசைக்கிறது. தொலைவதற்கு அது மருந்து. ஆனால் சாவி சில்லை விட்டு வெளியேறாது என்ற உறுதியை விட்டுக்கொடுத்தே அந்த மருந்து கிடைக்கிறது. வங்கிகள் அதில் தயங்குவது எனக்குப் புரிகிறது.

கைபேசியே இல்லாதவர்

நான் சந்தித்தது 11 நாள் தடை. ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு, சிறு திரையைப் பயன்படுத்த முடியாத பார்வைக் குறையுள்ளவர்களுக்கு, விரல் நடுங்கும் முதியவர்களுக்கு அது நிரந்தரத் தடை. ஸ்பெயினில் ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான் 2022இல், முதியவர்களை இணையத்துக்கு மட்டும் தள்ளிவிடும் வங்கிகளுக்கு எதிராக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிய பிறகே அந்நாட்டு வங்கிகள் நேரடிச் சேவை குறித்த உறுதிமொழியில் கையெழுத்திட்டன. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூன் 28 அன்று முன்வைத்த பணம் செலுத்தும் சேவைகள் பற்றிய ஒழுங்குமுறை வரைவு இன்னும் நேரடியானது: அங்கீகாரம் ஒரே ஒரு முறையை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ ஸ்மார்ட்போன் வைத்திருப்பதை நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது. அதிலுள்ள ‘மறைமுகமாகவோ’ என்ற சொல்லை எழுதியவருக்கு, பல வழிகளையும் ஒரே கருவியில் கட்டும் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னிகழ்வுகள்

நான் செய்துகொண்ட மாற்றங்கள் சில. வங்கி இரண்டு கருவிகளை அனுமதிக்கிறது என்பது அமைப்புகளின் நான்காம் அடுக்கில் ஒளிந்திருந்தது. திரை மாற்றப்பட்டு மூன்றாவது வாரம் திரும்பி வந்த, விழுந்த கைபேசியை இரண்டாவது கருவியாகப் பதிந்து வீட்டிலேயே வைத்திருக்கிறேன். எண்ணை இசிம்முக்கு மாற்றாமல் அட்டையிலேயே விட்டுவிட்டேன். திருடனுக்கு இசிம் கடினம் என்பது உண்மை. எனக்கு விழும் கைபேசியைப் பற்றிய அச்சமே அதிகம். அட்டை வாசிப்புக் கருவி தரும் வேறொரு வங்கியில், இரண்டு மாதச் செலவுக்கான தொகையோடு ஒரு கணக்கும் தொடங்கினேன். இவையெல்லாம் இரண்டு கைபேசியும் இரண்டு கணக்கும் வைத்துக்கொள்ள முடிந்தவரின் தீர்வுகள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வங்கிக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றைத்தான் வலியுறுத்தினேன்: அட்டையும் பின் எண்ணும் ஆவணமும் சரிபார்க்கப்பட்ட பிறகு, கிளை அலுவலர் புதிய கருவியைப் பதிவுசெய்ய அனுமதி வேண்டும், வேண்டுமானால் 24 மணி நேர இடைவெளி அதற்கும் இருக்கட்டும். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

செயலியில் ‘பாதுகாப்பு நிகழ்வுகள்’ என்றொரு பக்கம் இருப்பதைச் சென்ற வாரம் கண்டேன். அந்த வியாழக்கிழமை இரவுக்கு எதிரே ஏழு வரிகள் இருந்தன, ஏழும் ஒரே வாசகம்: ‘அனுமதிக் கோரிக்கை அனுப்பப்பட்டது. வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை.’ அதற்கு அடுத்த வரி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு உரியது: ‘வாடிக்கையாளர் கிளையில் நேரில் அடையாளம் காணப்பட்டார்.’ அதன் பிறகு எட்டு நாள் தள்ளித்தான் அடுத்த வரி தொடங்கியது.